அரைப்பேரும் உரமூட்டையும்

ஹற்றனிலிருந்து நோட்டன் பிரிட்ஜ், லக்ஷபான வழியாகக் களனிப் பள்ளத்தாக்கை நோக்கி இறங்கும் மலைப்பாதையிலே பொல்பிட்டிய இருக்கிறது. மின்சார நிலையத்தினால் அப்பெயரைப் பலரும் அறிவர். 1969ஆம் ஆண்டிலிருந்து அங்கே மலைத்தண்ணீர் விழுந்து நாட்டுக்கு ஒளி தருகின்றது. அந்த நிலையத்துக்கு மேலே, மழை ஓயாத சரிவுகளிலே, தேயிலை பயிரிட்டு வாழும் எம்மவரைப் பற்றி அறிந்தவர் அத்துணைப் பேர் இலர்.

சில மாதங்களுக்கு முன், வழக்கொன்றின் பொருட்டு அப்பகுதித் தோட்டமொன்றுக்குச் சென்றிருந்தோம். மாலையிலே கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்றோம். காலையில் பெரட்டுக்களத்தில் நேரத்துக்கு வந்து, பகல் முழுவதும் மலையிலே நின்ற ஒரு தாய், 13 கிலோ கொழுந்தோடு இறங்கி வந்தார். அன்றைக்கு அந்த மலைக்கு விதித்த அளவு 18 கிலோ. கணக்குப் புத்தகத்தில் அவருக்கு அரைப்பேர் விழுந்தது. (தோட்டத்திலே ஒருநாட் சம்பளத்தைப் 'பேர்' என்பர், அளவு குறைந்தால் பாதிச் சம்பளம், அதுவே அரைப்பேர். வடக்கிலும் கிழக்கிலும் வாழும் வாசகர்களுக்காக இதனைச் சொல்லி வைக்கிறோம்.) அவர் அழவுமில்லை, சண்டையிடவுமில்லை. எம்மைப் பார்த்து, "இந்த மலைக்கு உரம் போட்டு எத்தன மாசமாச்சுன்னு ஆபீசுல கேளுங்கய்யா" என்றார், அவ்வளவே.

கேட்டோம். எமக்கு நேரான விடை கிடைக்கவில்லை. ஆனால் அந்தத் தாயின் கேள்வி மலைநாட்டின் சம்பளப் பிரச்சினை முழுவதையும் தன்னுள் அடக்கி நிற்கின்ற கேள்வி என்பதை, அன்று மலையை விட்டு இறங்குமுன்பே உணர்ந்தோம். செடி எவ்வளவு தளிர்க்கும் என்பதைத் தீர்மானிப்பவர் ஒருவர். தளிர் குறைந்தமைக்காகத் தண்டனை பெறுபவர் வேறொருவர். இதனையே இவ்வாரம் வாசகர் முன் வைக்க விரும்புகிறோம்.

தேயிலையிலிருந்து நாம் பறிப்பது பழமுமன்று, விதையுமன்று. செடியின் உயிர்ப்பு எங்கே மிகுந்திருக்கிறதோ, அந்த நுனியை, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக, வாரந்தோறும் கிள்ளி எடுக்கிறோம். அந்த நுனியிலேதான் செடி தன் சத்தைச் சேர்த்து வைக்கிறது. தயாரித்த தேயிலையின் நிறையில் நூற்றுக்கு நான்கு பங்குக்குக் குறையாமல் நைதரசன் உண்டு. ஏறக்குறைய நாலரைக் கிலோப் பச்சைக் கொழுந்தால் ஒரு கிலோத் தேயிலை ஆகும். ஆகவே 18 கிலோக் கூடையொன்று மலையை விட்டு இறங்கும்போது, அதனோடு சுமார் 160 கிராம் நைதரசனும் இறங்கிப் போகிறது. அதனை ஈடுசெய்வதற்கு மாத்திரம் 350 கிராம் யூரியா வேண்டும். போட்ட உரமெல்லாம் வேரைச் சென்றடைவதுமில்லை. மழையில் ஒரு பகுதி கரைந்தோடுகிறது, வெயிலில் ஒரு பகுதி ஆவியாகிறது. எனவே எடுத்ததைக் காட்டிலும் கூடுதலாகவே மண்ணுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். பொற்றாசியம், பொசுபரசு, மகனீசியம் ஆகியவற்றின் கணக்கும் இத்தகையதே.

இது புதிய கண்டுபிடிப்பன்று. தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்திலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் 1925இல் நிறுவப்பட்டது. எந்த மண்ணுக்கு எவ்வுரம், எக்காலத்தில், எத்தனை தவணையில் இடவேண்டும் என்பதை அந்நிறுவனத்தார் பல தலைமுறைகளாக ஆராய்ந்து எழுதி வைத்திருக்கிறார்கள். மண்ணில் ஈரம் இருக்கவேண்டும்; ஆனால் கொட்டும் மழை கூடாது. களை எடுத்த பின்பே உரம் போட வேண்டும், இல்லையேல் உரத்தைப் புல்லே தின்றுவிடும். புளிப்பு மிகுந்த மண்ணுக்குக் கவ்வாத்து வெட்டும் காலத்தில் டொலமைற் இட வேண்டும். தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும் செடிதான். ஆனால் அமோனியஞ் சல்பேற்றை ஆண்டுக்கணக்கில் கொட்டிக்கொண்டே போனால் அந்தப் புளிப்பும் எல்லை கடந்துவிடும். இவையெல்லாம் தெரிந்தும், 2021ஆம் ஆண்டிலே நடந்தது என்ன?

அவ்வாண்டு மே மாதம் 6ஆந் திகதி, இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து வர்த்தமானி வெளியாயிற்று. அன்றைய ஜனாதிபதி கோத்தாபய ராஜபக்ஷ, 2019ஆம் ஆண்டுத் தேர்தல் விஞ்ஞாபனத்தில் பத்தாண்டுகளில் இயற்கைப் பசளைக்கு மாறுவதாகக் கூறியிருந்தார். பத்தாண்டுப் பயணத்தை ஒரு வர்த்தமானியில் முடித்துவிடலாம் என்று அவருக்கு யார் சொன்னார்களோ! மண்ணின் மீதும் மக்களின் உடல்நலத்தின் மீதும் கொண்ட அன்பினால் விளைந்தது அது என்றனர். திறைசேரியில் டொலர் வற்றிப்போயிருந்தது என்பதையும் நாடு அறியும். சீனாவிலிருந்து கப்பலில் வந்த சேதனப் பசளையிலே தீங்கு செய்யும் பற்றீரியா இருப்பதாக நம் நாட்டுப் பரிசோதகர்களே கண்டு மறுத்தனர். அக்கப்பல் திரும்பிய பின்னரும் 67 இலட்சம் டொலரைக் கொடுத்தே அந்த விவகாரத்தை முடிக்க வேண்டியதாயிற்று. ஒக்டோபரில் தேயிலைக்குத் தடை தளர்ந்தது. நவம்பரில் தடையே கைவிடப்பட்டது. அதற்குள் உலகச் சந்தையில் உரவிலை பன்மடங்கு ஏறிவிட்டது. தடை நீங்கியும் மூட்டை மலையேறவில்லை.

அக்காலத்தில் வன்னியிலும் அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் பெரும்போக நெல்லை விதைத்துவிட்டு, மஞ்சளாய் வெளுத்த பயிரைப் பார்த்து நின்ற உழவர்கள் இப்பத்தியைப் படிக்கிறார்கள். அவர்களுக்கு நாம் விளக்கவேண்டியது எதுவுமில்லை. ஆயினும் நெல்லுக்கும் தேயிலைக்கும் ஒரு வேற்றுமை உண்டு. நெல் அந்தப் போகத்திலேயே உண்மையைச் சொல்லிவிடும். தேயிலையோ பசியை மறைக்கும் செடி. வேரிலே மாப்பொருளைச் சேர்த்து வைத்திருக்கும். உரம் நின்ற பின்னரும் சில மாதம் அச்சேமிப்பைக் கொண்டு தளிர்க்கும். 2021இல் இலங்கையின் தேயிலை உற்பத்தி சுமார் 29.9 கோடிக் கிலோ. தடை விதித்த ஆண்டிலே விளைச்சல் உயர்ந்திருக்கிறது என்று வாதாடக்கூட இடமிருந்தது. அடுத்த ஆண்டில் அது சுமார் 25.1 கோடிக் கிலோவாக வீழ்ந்தது. கால் நூற்றாண்டில் காணாத வீழ்ச்சி! எரிபொருள் இன்மையும் மின்வெட்டும் அவ்வாண்டின் துன்பத்தில் பங்கு கொண்டன என்பதையும் நேர்மையோடு ஒப்புக்கொள்கிறோம். ஆனால் 2023இல் எரிபொருள் வந்தது, மின்சாரம் வந்தது. தேயிலை சுமார் 25.6 கோடியிலேயே நின்றது. 2024இல் சுமார் 26.2 கோடி. பட்டினி கிடந்த உடல் ஒரு வேளைச் சோற்றால் தேறிவிடாதது போல, பட்டினி கிடந்த செடியும் ஒரு தவணை உரத்தால் தேறிவிடுவதில்லை.

இதனால் நாம் இயற்கைப் பசளைக்கு எதிரிகள் என்று எவரும் கருதவேண்டாம். ஊவாப் பக்கத்தில் இதல்கஸ்ஹின்னவிலே 1980களிலிருந்து இரசாயனம் கலவாத தேயிலை விளைகிறது. டார்ஜிலிங்கில் மகைபாரித் தோட்டம் அம்முறையால் உலகப் புகழ் பெற்றது. அவை குறைந்த விளைச்சலைக் கூடிய விலைக்கு விற்கும் தோட்டங்கள். அந்த விலை கொடுக்கும் வாடிக்கையாளர் உலகில் ஒரு சிலரே. மேலும், கூட்டெருவில் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரைப் பங்கு நைதரசன் இருந்தாலே அது நல்ல எரு. ஹெக்டேருக்கு 1,500 கிலோத் தேயிலை எடுக்கும் மலையிலிருந்து ஆண்டுக்கு 60 கிலோ நைதரசன் போய்விடுகிறது. அதனை மீட்க மாத்திரம் நாலிலிருந்து ஆறு தொன் எரு வேண்டும். ஆளுக்கு 20 கிலோவாகச் சுமந்தால் ஹெக்டேர் ஒன்றுக்கு 300 சுமை வரை. நாடெங்கும் சுமார் இரண்டு இலட்சம் ஹெக்டேர் தேயிலைக்குப் பத்து இலட்சம் தொன்னளவு எருவை எங்கே செய்வது, யார் சுமப்பது என்று வர்த்தமானி எழுதியவர்கள் எண்ணிப் பார்த்தார்களா? சுமப்பவரிடம் கேட்டிருந்தால் அன்றே கணக்குச் சொல்லியிருப்பார். 1948இல் பிரஜாவுரிமையைப் பறித்த சட்டம் வந்தபோதும் அவரைக் கேட்கவில்லை; 2021இலும் கேட்கவில்லை.

ஆனால் உரம் என்றவுடன் எல்லாம் சரியாகிவிடும் என்று துள்ளுவோரும் தேயிலையை அறியாதவரே. நைதரசன் மிகுந்தால் கொழுந்து மிகும், குணம் மிகாது. அளவுக்கு மிஞ்சினால் தேநீரின் பளிச்சென்ற நிறமும் சுவையின் விறுவிறுப்பும் மங்கி, பச்சிலை வாடை தலைதூக்கும். டிம்புள்ளவிலும் நுவரெலியாவிலும் ஆண்டின் தொடக்க மாதங்களில் குளிர்ந்த வறண்ட காற்று வீச, செடி மெல்ல மெல்லத் தளிர்க்கும்போதுதான் கொழும்பு ஏலத்தில் நல்ல விலை பெறும் வாசனைத் தேயிலை கிடைக்கிறது. விரைவும் மணமும் ஒரு வீட்டில் குடியிருப்பதில்லை. பொல்பிட்டியச் சரிவுகள் தாழ்ந்தவை, மழைமிகுந்தவை. அங்கே அத்தகைய வாசனைத் தேயிலை விளைகிறது என்று நாம் சொல்ல வரவில்லை. எனினும் அங்கும் குணத்துக்கு ஒரு காவல் உண்டு. அக்காவல் பறிப்பவரின் விரலிலே இருக்கிறது.

இங்கேதான் நிறையளவு வந்து குறுக்கே நிற்கிறது. ஆறேழு நாளைக்கு ஒருமுறை ஒரு மலையைச் சுற்றி வந்தால் கொழுந்து இளசாய் இருக்கும். ஆட்குறைவால் அச்சுற்று பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று நீண்டால் இலை முற்றிவிடும். பசித்த செடியோ இளந்தளிரை அரிதாகவே விடும். அந்நிலையில் 18 கிலோவும் 20 கிலோவும் கேட்டால் தொழிலாளி என் செய்வாள்? முற்றிய இலையையும் காம்பையும் சேர்த்துக் கிள்ளிக் கூடையை நிறைப்பாள். இளங்கொழுந்து மாத்திரம் பறித்தால் அரைப்பேர். முற்றிய இலையைச் சேர்த்தால் கணக்கப்பிள்ளையின் ஏச்சு. இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள் என்று வீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கும் ஒரு தாயிடம் சொன்னால், அவள் ஏச்சையே தேர்ந்துகொள்வாள். தொழிற்சாலைக்குள் இவ்விலை போனபின், அங்கே எத்துணைத் திறமையான துரை இருந்தாலும் முற்றிய இலையிலிருந்து நல்ல தேயிலையை வரவழைக்க முடியாது. போதாதற்கு, மழைநாளில் இலையில் தண்ணீர் இருக்கிறதென்று நிறையிலும் கழிக்கிறார்கள். மழை பெய்யாத நாள் பொல்பிட்டியவில் எத்தனை?

விளைச்சல் வீழ்ந்ததற்கு உரத்தடை ஒன்றே காரணமன்று. 2013இல் நாடு சுமார் 34 கோடிக் கிலோ தயாரித்தது. அங்கிருந்து 2020வரை இறங்கிய இறக்கத்துக்கு எந்த வர்த்தமானியையும் காட்டமுடியாது. வெள்ளையர் காலத்திலே விதையிலிருந்து நட்ட கிழச்செடிகள் இன்னும் மலைகளிலே நிற்கின்றன. அவற்றைப் பிடுங்கி, இரண்டாண்டு குவாத்தமாலாப் புல் வளர்த்து மண்ணைத் தேற்றி, தவறணையிலிருந்து நல்லினக் கன்று கொண்டுவந்து நட்டு, அது பலன் தரும் வரை ஐந்தாறு ஆண்டு வருமானமின்றிக் காத்திருக்கவேண்டும். 1970களில் அரசு எடுத்த தோட்டங்கள் 1992இல் கம்பனிகளின் நிருவாகத்துக்குப் போயின. பின்னர் 53 ஆண்டுக் குத்தகை வந்தது. குத்தகைக்காரன் தன் காலத்துக்குப் பின் பலன்தரும் செடியை நடுவான் என்று எதிர்பார்ப்பது மனித சுபாவத்தை அறியாமை. கான் வெட்டுவதும், முள்ளுக்குத்தி மண்ணை இளக்குவதும், கவ்வாத்து வெட்டிய மிலாறை மலையிலேயே பரப்புவதும் செலவுப் பட்டியலில் முதலில் வெட்டுப்படும் கருமங்கள். 2015இல் கிளைபொசேற்றுக் களைகொல்லியைத் தடைசெய்து, 2018இல் தேயிலைக்கும் றப்பருக்கும் மாத்திரம் தளர்த்தினார்கள். இடைப்பட்ட காலத்தில் கையாண்ட மாற்று மருந்தின் எச்சம் தேயிலையில் இருப்பதாக ஜப்பான் முறையிட்டது. சுரண்டிக் களையெடுத்த இடங்களில் மேல்மண் மழையோடு போயிற்று. அந்த மண்ணும் அதனோடு கரைந்த உரமும் எங்கே போயின என்பதை அறிய வேண்டுமாயின், பெருமழைக்குப் பின் மஸ்கெலிய ஓயாவின் நிறத்தைப் பார்த்தால் போதும்.

இத்தனை காரணங்களில் எந்த ஒன்றாவது கொழுந்து பறிக்கும் தாயின் கையில் இருக்கிறதா? உரம் வாங்குவது கம்பனி. வாங்கவிடாமல் தடுத்தது அரசாங்கம். நடாமல் விட்டது நிருவாகம். ஆனால் இழப்பு எழுதப்படுவது அவள் பேருக்கு நேரே.

சட்டத்தின் வழி நோக்குவோம். 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை மூலம் நாட் சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. கூட்டு ஒப்பந்தத்தை விட்டுக் கம்பனிகள் விலகின. அளவு எத்தனை கிலோ என்பதைப் பேசித் தீர்க்கும் மேசையே இல்லாமற் போயிற்று. அதன்பின் பல தோட்டங்களில் 16ஆக இருந்தது 18 ஆயிற்று, 18ஆக இருந்தது 20 ஆயிற்று. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா ஆனது. 2025 நவம்பர் வரவு செலவுத் திட்ட உரையில், கம்பனி கொடுப்பதை 1,550 ஆக்கி, அரசாங்கம் வரவுக் கொடுப்பனவாக 200 ரூபா சேர்த்து, 1,750 ரூபாவாக்கும் யோசனை முன்வைக்கப்பட்டது. ரூபாவைப் பற்றிப் பாராளுமன்றம் பேசுகிறது, தொழிற்சங்கங்கள் பேசுகின்றன, பத்திரிகைகள் பேசுகின்றன. கிலோவைப் பற்றிப் பேசுவோர் யார்? முழுப்பேர் 1,350 என்று எழுதி, மாதத்தில் பத்து நாள் அரைப்பேர் போட்டால், அவளுக்கு அந்த மாதம் 6,750 ரூபா போயிற்று. எந்தச் சம்பள உயர்வும் அந்தப் பள்ளத்தில் விழுந்து மறைந்துபோகும்.

நூல் கொடாத முதலாளி, துணி முழம் குறைந்தது என்று நெசவாளியின் கூலியைப் பிடிப்பானாயின், எந்த ஊர்ப் பஞ்சாயத்தும் அதனைப் பொறுக்காது. உழைப்பைக் கொடுக்க ஆயத்தமாய் வந்து, நாள் முழுவதும் நின்ற ஒருவருக்கு, பொருளை ஆயத்தம் செய்யத் தவறியவர் கூலியைக் குறைப்பது எந்த நீதி? நாட் சம்பளம் என்பது நாளுக்குரிய சம்பளம். அதனைக் கிலோச் சம்பளமாக மாற்றுவதாயின், கிலோ விளையும் சூழ்நிலைக்குப் பொறுப்பேற்றுக்கொண்டே மாற்ற வேண்டும்.

கம்பனிகளின் பக்கத்தையும் கேட்டோம். உற்பத்திச் செலவில் பெரும்பகுதி சம்பளத்துக்கே போகிறது என்கிறார்கள், அது மெய்தான். கென்யாவில் ஹெக்டேருக்கு 2,000 கிலோவுக்கு மேல் விளைகிறது, இங்கே அதனிலும் வெகு குறைவு என்கிறார்கள், அதுவும் மெய்தான். ஆனால் இந்நாட்டுத் தேயிலையில் முக்காற் பங்களவு இன்று சிறு தோட்ட உடைமையாளர் நிலத்திலிருந்து வருகிறது. அவர்களும் உரத்தடையில் நொந்தவர்களே, அதே விலைக்கு அதே மூட்டையை வாங்குபவர்களே. எனினும் பறித்த கொழுந்தின் பலன் தம் வீட்டுக்கே வரும் என்பதால், கடன்பட்டேனும் உரம் போடுகிறார்கள். சொந்தக்காரனின் கால்பட்ட மண்ணுக்கு ஒரு பசுமை உண்டு.

இதனை முன்னிட்டுச் சில கம்பனிகள், செடிகளைக் குடும்பங்களுக்குப் பகிர்ந்து கொடுத்து, பறித்த கொழுந்துக்கு விலை கொடுக்கும் முறையைப் பேசுகின்றன. நாம் அதனை எடுத்த எடுப்பில் எதிர்க்கவில்லை. ஆனால் எழுத்தைப் பார்க்காமல் கையெழுத்து வைக்கவேண்டாம் என்று மலைநாட்டுத் தோழர்களைக் கேட்டுக்கொள்கிறோம். நிலத்துக்கு உறுதி இல்லை, ஆண்டுக்கணக்கில் பசித்துக் கிடந்த மண், அதற்கு உரம் வாங்கும் செலவு தொழிலாளியின் கணக்கில், சேமலாப நிதி கேள்விக்குறி என்றால், அது குடியானவன் ஆவதன்று. கம்பனியின் நட்டத்தைத் தலையில் வாங்கிக்கொள்வதாகும். காணியுறுதியோடு, முதல் மூன்றாண்டு உரத்தைக் கம்பனியோ அரசாங்கமோ பொறுப்பேற்று, கொழுந்து விலையை ஏலவிலையோடு பிணைத்துக் கொடுத்தால், அப்பொழுது பேசலாம்.

அதற்கு முன்னர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. அதற்குப் புதுச் சட்டப் புத்தகமும் வேண்டியதில்லை. தோட்டத்தின் ஒவ்வொரு மலைக்கும் எந்தத் திகதியில் எவ்வளவு உரம் போட்டார்கள், எப்போது கவ்வாத்து வெட்டினார்கள், மண்ணின் புளிப்பு எவ்வளவு என்ற குறிப்பு அலுவலகத்தில் இருக்கவேண்டியதே. அந்தக் குறிப்பைப் பெரட்டுக்களத்தில் தமிழில் எழுதித் தொங்கவிடட்டும். அதனைப் பார்த்து, அந்தந்த மலைக்கு, அந்தந்தப் பருவத்துக்கு, எத்தனை கிலோ நியாயம் என்று தொழிலாளர் தலைவர்களும் நிருவாகமும் எழுத்திலே உடன்படட்டும். உரத் தவணை தவறிய மலையில், நேரத்துக்கு வந்து நேரம் முடிய நின்றவருக்கு நிறையைப் பாராமல் முழுப்பேர் போடவேண்டும் என்பதைச் சம்பள நிர்ணய சபை தன் தீர்மானத்திலேயே சேர்க்கட்டும். மலையகத்தின் பாராளுமன்ற உறுப்பினர்களும், வடக்குக் கிழக்குத் தமிழ்ப் பிரதிநிதிகளும் இக்கோரிக்கையை ஒன்றாக எழுப்பினால், 2021இன் துன்பத்தை ஒன்றாகவே அனுபவித்தவர்களுக்கு அது தகும்.

பொல்பிட்டியத் தாயின் அரைப்பேரைக் குறித்துத் தொழில் ஆணையாளருக்கு முறைப்பாடொன்றை எழுதிக் கொடுத்திருக்கிறோம். அம்மலையின் கடந்த மூன்றாண்டு உரப் பதிவேட்டைக் கொண்டுவரச் செய்யும்படி அதில் கேட்டிருக்கிறோம். பதிவேடு வரும் நாளில் அதிலுள்ளதை வரிக்கு வரி இப்பத்தியில் வெளியிடுவோம்.